ஒற்றைப் பாலமும் ஒன்றரை நூற்றாண்டும்

வியாபாரியைக் கடைசி வரிசையில் நிறுத்திய நாட்டில், வியாபாரத்தைப் பாடமாக்கத் துணிந்த பள்ளி அது. மீன் மிசோ கடையின் மாடியில் தொடங்கிய ஹிட்டோட்சுபாஷி இன்று ஆங்கிலத்தில் எம்.பி.ஏ. நடத்துகிறது. அதன் தடங்களைத் தேடி டோக்கியோவில் ஒரு சுற்று.

டோக்கியோவின் கின்ஸா வட்டாரத்தில் நிலத்தின் விலையைக் கேட்டால் மும்பை நரிமன் பாயின்ட்காரர்களே மலைத்துப்போவார்கள். அங்கே பிரதான சாலையை அடைத்துக்கொண்டு நிற்கிறது, 2017-ல் திறக்கப்பட்ட 'கின்ஸா சிக்ஸ்' வணிக வளாகம். விலை உயர்ந்த கைப்பைகளும் கைக்கடிகாரங்களும் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிமிட்டுகின்றன. வாசலருகே, நடைபாதையோரமாக, ஒரு நினைவுக் கல். ஜப்பானின் முதல் வணிகப் பள்ளி தொடங்கிய இடம் இது என்று அந்தக் கல் சொல்கிறது. வாங்க வருகிற கூட்டத்துக்கு அதைப் படிக்க நேரமிருப்பதில்லை.

1875-ல் இந்த இடத்தின் பெயர் ஓவாரிச்சோ. மூன்று வருடங்களுக்கு முன் பெரும் தீ விபத்தில் கின்ஸா சாம்பலாகியிருந்தது. மர வீடுகளுக்குப் பதிலாக செங்கல் கட்டடங்களை அரசு எழுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில், மீன் கலந்த மிசோ விற்கும் ஒரு கடையின் மாடியில், அந்த வருடம் செப்டம்பரில் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. பெயர் 'ஷோஹோ கோஷூஜோ', அதாவது வணிக முறைகளைக் கற்பிக்கும் இடம். கீழே புளித்த சோயாக் கூழின் வாசனை. மேலே இரட்டைப் பதிவுக் கணக்கு. இன்றைய ஹிட்டோட்சுபாஷி பல்கலைக்கழகத்தின் பிறப்பு இப்படித்தான் நடந்தது.

தொடங்கியவர் மோரி அரினோரி. அப்போது அவருக்கு 28 வயது. சட்சுமா பிரதேசத்து சாமுராய்க் குடும்பம். அமெரிக்காவில் ஜப்பானின் முதல் தூதராக இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே அவரை அதிகம் கவர்ந்தவை பீரங்கிகள் அல்ல, கணக்குப் புத்தகங்கள். அமெரிக்காவின் வளத்துக்குப் பின்னால் வணிகக் கல்வி இருக்கிறது என்று நம்பினார். நியூஜெர்சியின் நியூவர்க் நகரில் வணிகப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த வில்லியம் விட்னியை ஆசிரியராக வரவழைத்தார். விட்னி மனைவி மக்களோடு யோகோஹாமாவில் வந்து இறங்கியபோது பள்ளிக்கான ஏற்பாடுகள் அரைகுறையாகவே இருந்தன. ஷோகன் ஆட்சியின் கடற்படையை உருவாக்கிய காட்சு காய்ஷூ 1,000 யென் கொடுத்துக் கைதூக்கிவிட்டார். விட்னியின் பதின்வயது மகள் கிளாரா அந்த நாட்களைப் பற்றி எழுதிய நாட்குறிப்பு பிற்பாடு புத்தகமாக வந்தது. அவர் மணந்தது காட்சுவின் மகனைத்தான்.

வணிகப் பள்ளி என்பது அன்றைய ஜப்பானில் சாதாரண யோசனையல்ல. டோகுகவா காலத்து ஏட்டுச் சமூகத்தில் நான்கு படிகள்: சாமுராய், விவசாயி, கைவினைஞர், வணிகர். வணிகருக்குக் கடைசிப் படி. பணம் இருந்தது, மரியாதை இல்லை. ஒசாகா வணிகர்கள் 1724-லேயே 'கைட்டோகுடோ' என்ற கல்விக்கூடத்தை நடத்தத் தொடங்கினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே சொல்லிக்கொடுத்தது கன்ஃபூஷிய நீதி நூல்களை. தொழிலைக் கடையிலேயே, எடுபிடி வேலையில் தொடங்கி வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்துத்தான் கற்க வேண்டும். அதை வகுப்பறைக்குக் கொண்டுவருவதா என்று கேட்டவர்கள் அப்போதே உண்டு.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதியவர் ஃபுகுசாவா யுகிச்சி. கெயோ பல்கலைக்கழகத்தை நிறுவியவர். மேலைநாட்டு அறிவை ஜப்பானுக்கு அறிமுகம் செய்தவர்களில் முதல்வர். மோரிக்காக 1874-ல் பள்ளியின் நோக்க அறிக்கையை அவர்தான் எழுதிக்கொடுத்தார். வாளால் போரிட்ட காலத்தில் வாள் வித்தை தெரியாமல் களம் இறங்க முடியாது. வணிகத்தால் போரிடும் காலத்தில் வணிகம் படிக்காமல் அந்நியரை எதிர்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். சாமுராய்க்குப் புரியும் பாஷையில் வியாபாரத்தை விற்றார் ஃபுகுசாவா.

மோரிக்கும் ஃபுகுசாவாவுக்கும் ஒரு விஷயத்தில் பாதைகள் வேறு. வாஷிங்டனில் இருந்தபோது, ஜப்பான் தன் மொழியைக் கைவிட்டு எளிமையாக்கப்பட்ட ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமா என்று மோரி ஆலோசித்தார். யேல் பல்கலைக்கழக மொழியியல் அறிஞர் ஒருவருக்குக் கடிதமும் எழுதினார். வேண்டாம் என்று தடுத்தவர் அந்த அமெரிக்கர்தான். ஃபுகுசாவா செய்தது வேறு. அமெரிக்க வணிகப் பள்ளிகளின் கணக்கியல் பாடநூலை 1873-லேயே ஜப்பானிய மொழியில் பெயர்த்தார். பற்று, வரவு என்ற இரண்டு பக்கங்களுக்கும் 'கரி', 'கஷி' என்று அவர் வைத்த சொற்களைத்தான் ஜப்பானியக் கணக்கர்கள் இன்றும் எழுதுகிறார்கள்.

மிசோ கடை மாடியிலோ மோரியின் வழிதான் நடந்தது. விட்னி ஆங்கிலத்தில் பாடம் எடுத்தார். மாணவர்கள் வங்கியாகவும் வியாபாரியாகவும் வேஷம் போட்டுப் பொய்ப் பணத்தில் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பழகினார்கள். பயிற்று மொழி எது என்ற கேள்வி அன்றைக்கே இந்தப் பள்ளியோடு ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பது வருடமாகியும் விடவில்லை.

பாரிஸில் பார்த்த பாடம்

கின்ஸாவிலிருந்து வடமேற்கே, அரண்மனை அகழியைச் சுற்றிக்கொண்டு போனால் ஹிட்டோட்சுபாஷி. 'ஹிட்டோட்சு' என்றால் ஒன்று, 'ஹாஷி' என்றால் பாலம். எடோ கோட்டைக்குள் நுழைய இருந்த பாலங்களில் ஒன்றின் பெயர் இது. இன்றிருக்கும் பாலத்துக்கு மேலே எக்ஸ்பிரஸ் சாலை ஒன்று நிழல் போட்டுக்கொண்டு ஓடுகிறது. கீழே நிஹோன்பாஷி ஆறு பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. 1885-ல் பள்ளி இந்தப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்தது இந்தப் பாலம்தான்.

ஒரு காலத்தில் இங்கே டோகுகவா வம்சத்தின் ஒரு கிளையான ஹிட்டோட்சுபாஷி குடும்பத்தின் மாளிகை இருந்தது. கடைசி ஷோகன் யோஷினோபு அந்தக் குடும்பத்திலிருந்து வந்தவர். அவரிடம் ஊழியராகச் சேர்ந்த ஒரு விவசாயி மகன்தான் பின்னாளில் இந்தப் பள்ளியின் காவல் தெய்வமானார். ஷிபுசாவா எய்ச்சி, 1840-ல் இன்றைய சைட்டாமா மாநிலத்தின் ஃபுகாயா அருகே பிறந்தவர். வீட்டுத் தொழில் அவுரிச் சாயமும் பட்டுப்புழுவும். பதின்வயதில் அப்பாவுக்குப் பதிலாக உள்ளூர் அதிகாரியைப் பார்க்கப் போனார். நன்கொடை என்ற பெயரில் பணம் கேட்ட அதிகாரி, உடனே சம்மதிக்கவில்லை என்பதற்காகக் கேவலமாகப் பேசினார். உழைத்துச் சம்பாதிப்பவன் கைகட்டி நிற்க வேண்டும், பிடுங்குபவன் மிதிப்பான் என்ற அந்த நியாயம் பையன் மனதில் முள்ளாகத் தைத்தது.

அந்தக் கோபத்தில் 1863-ல் கோட்டை ஒன்றைப் பிடித்து, யோகோஹாமாவின் வெள்ளையர் குடியிருப்புக்குத் தீ வைக்கத் திட்டமிட்டவர்களில் ஷிபுசாவாவும் ஒருவர். திட்டம் நிறைவேறவில்லை. நான்கே வருடத்தில் அதே ஆள், பாரிஸ் பொருட்காட்சிக்குப் போன ஷோகனின் தம்பிக்குக் கணக்குப் பார்க்கக் கப்பலேறினார். சிங்கப்பூர், இலங்கையின் காலி, ஏடன் வழியாகப் பயணம். பாரிஸில் அவரைத் திகைக்க வைத்தது ஈஃபில் கோபுரம் அல்ல. அது இன்னும் கட்டப்படவில்லை. ஒரு ராணுவ அதிகாரியும் ஒரு வங்கிக்காரரும் சரிசமமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த காட்சிதான். ஜப்பானில் அப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

திரும்பி வந்து நிதி அமைச்சகத்தில் உயர் பதவி வகித்தார். 1873-ல் அதை உதறிவிட்டு நாட்டின் முதல் நவீன வங்கியை நடத்தப் போனார். படித்தவன் அரசாங்க உத்தியோகத்தை விட்டு வியாபாரத்துக்குப் போவதா என்று நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வாழ்நாளில் ஏறக்குறைய 500 நிறுவனங்கள் தோன்றவும் வளரவும் துணைநின்றார். ஆனால் மிட்சுபிஷியின் இவாசாகி போல ஒரு குடும்பச் சாம்ராஜ்யத்தைக் கட்டவில்லை. பலரின் பணத்தைத் திரட்டிப் பொது நன்மைக்குத் தொழில் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. 1916-ல் வந்த அவருடைய நூலின் பெயர் 'கன்ஃபூஷியஸ் மொழிகளும் மணிச்சட்டமும்'. ஒரு கையில் நீதி, மறு கையில் கணக்கு. ஒன்றை விட்டால் மற்றது நிலைக்காது என்பது சாரம். வாணிகருக்கான அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்ததை அறிந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாக இருக்காது.

இந்தியாவுக்கும் இவருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜப்பானின் நூல் ஆலைகளுக்கு இந்தியப் பருத்தி தேவைப்பட்டது. பம்பாயிலிருந்து அதை ஏற்றி வந்த ஐரோப்பியக் கப்பல் கம்பெனிகள் கூட்டணி போட்டு வாடகையைத் தீர்மானித்தன. 1893-ல் ஜாம்ஷெட்ஜி டாடா ஜப்பான் வந்து ஷிபுசாவாவைச் சந்தித்தார். அந்த வருடம் நவம்பரில் நிப்பான் யூசென் கம்பெனியின் பம்பாய்க் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. ஜப்பானின் முதல் தொலைதூர வழித்தடம் அதுதான். அதே வருடம் யோகோஹாமாவிலிருந்து அமெரிக்கா நோக்கிப் போன கப்பலில் விவேகானந்தரோடு பயணித்தவரும் இந்த டாடாதான். கதை இனிமையாக மட்டும் முடியவில்லை. நம் பருத்தியில் நெய்த ஜப்பான் துணி 1930-களில் பம்பாய் மில்களையே திணறடித்தது.

மூடவிடாத மாணவர்கள்

பள்ளி தொடங்கிய இரண்டே மாதத்தில் மோரி தூதராகச் சீனாவுக்குப் போய்விட்டார். பள்ளி டோக்கியோ நிர்வாகத்தின் கைக்கு மாறியது. 1881-ல் டோக்கியோ சட்டமன்றம் பணம் ஒதுக்க மறுத்தது. ஷிபுசாவா போன்றவர்கள் முட்டிமோதி, விவசாய-வணிக அமைச்சகத்தின் மானியத்தில் பள்ளி பிழைத்தது. 1885 கடைசியில் மோரி நாட்டின் முதல் கல்வி அமைச்சரானார். 1889 பிப்ரவரி 11, மெய்ஜி அரசியல் சட்டம் அறிவிக்கப்பட்ட அதே காலையில், ஒரு தேசியவாத இளைஞனின் கத்திக்கு இரையானார். இசே ஆலயத்தில் அவமரியாதையாக நடந்துகொண்டார் என்ற வதந்தியே காரணம்.

அடுத்த ஆபத்து 1909-ல் வந்தது. உயர் வணிகப் பள்ளியாக வளர்ந்திருந்த நிறுவனம் பல்கலைக்கழக அந்தஸ்து கேட்டுக்கொண்டிருந்தது. கல்வி அமைச்சகமோ அதன் மேல்நிலைப் படிப்பை ஒழித்து, டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறைக்குள் வணிகத்தை ஒரு கிளையாக ஒட்டவைக்க முடிவு செய்தது. வணிகத்துக்குத் தனி வீடு எதற்கு, அதிகாரிகளை உருவாக்கும் வீட்டில் ஒரு திண்ணை போதாதா என்பதுதான் இதன் உள்ளர்த்தம். மாணவர்கள் ஒட்டுமொத்தமாகப் பள்ளியை விட்டு வெளியேறினார்கள். வணிகர் சங்கங்களும் 69 வயது ஷிபுசாவாவும் சமாதானம் பேசிய பிறகே திரும்பினார்கள். அமைச்சகம் பின்வாங்கியது. 1920-ல் பள்ளி டோக்கியோ வணிகப் பல்கலைக்கழகமானது. இந்தியாவின் முதல் வணிகக் கல்லூரியான சிடன்ஹாம் பம்பாயில் தொடங்கி அப்போது ஏழு வருடம்தான் ஆகியிருந்தது.

1931-ல் செலவைக் குறைக்கிறோம் என்று அரசு அதன் முன்னிலைப் படிப்புகளில் மறுபடி கைவைத்தபோது, மாணவர்கள் வளாகத்துக்குள் புகுந்துகொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த முறையும் அரசுதான் இறங்கி வந்தது. அரசாங்கத்துக்கு வளைந்து கொடுப்பவர்கள் என்று ஜப்பானியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வரலாறு இது.

ஆனால் யுத்தத்திடம் யாரும் கதவைச் சாத்த முடியவில்லை. 1943-ல் மாணவர்களுக்கு ராணுவத்திலிருந்து இருந்த விலக்கு பறிக்கப்பட்டது. விஞ்ஞானம், பொறியியல் படித்தவர்களை வகுப்பிலேயே விட்டுவைத்து, இலக்கியமும் சட்டமும் வணிகமும் படித்தவர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்கள். 1944-ல் பல்கலைக்கழகத்தின் பெயரிலிருந்தே 'வணிகம்' என்ற சொல் நீக்கப்பட்டது. 'டோக்கியோ தொழில் பல்கலைக்கழகம்' என்று மாற்றினார்கள். பழைய பெயர் 1947-ல் திரும்பியது. 1949-ல் புதிய கல்வி முறை வந்தபோது, பாலத்தின் பெயரான ஹிட்டோட்சுபாஷி நிலைபெற்றது.

குனிட்டாச்சிக்கு ஒரு ரயில்

பாலத்தின் பெயர் நிலைத்தபோது பல்கலைக்கழகம் பாலத்தருகே இல்லை என்பது ஒரு வேடிக்கை. 1923 செப்டம்பர் 1-ம் தேதி கான்ட்டோ பூகம்பம் ஹிட்டோட்சுபாஷி வளாகத்தைத் தரைமட்டமாக்கியது. புது இடம் தேடியபோது கிடைத்தது மேற்கே, யாஹோ என்ற கிராமத்தின் காடு. ரியல் எஸ்டேட்காரர் ஒருவர் பல்கலைக்கழகத்தை நடுவில் வைத்து ஒரு நகரத்தையே வரைந்தார். கொகுபுன்ஜி, டாச்சிக்காவா என்ற இரண்டு ரயில் நிலையங்களுக்கு நடுவே வந்ததால் இரண்டு பெயரிலும் ஒவ்வோர் எழுத்தை எடுத்து 'குனிட்டாச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

ஷின்ஜுகுவிலிருந்து சூவோ லைனில் முக்கால் மணிக்கும் குறைவான பயணம். நிலையத்தின் வாசலில் முக்கோணச் சிவப்புக் கூரையோடு ஒரு சின்னக் கட்டடம் உங்களை வரவேற்கும். 1926-ல் கட்டிய அசல் நிலையம் அது. ரயில் பாதையை உயர்த்துவதற்காக 2006-ல் பிரித்தெடுத்தார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை, 2020-ல் திரும்பப் பூட்டி நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து தெற்கே நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது பல்கலைக்கழகச் சாலை. இருபுறமும் செர்ரி, கிங்கோ மரங்கள். ஏப்ரலில் வெள்ளை கலந்த இளஞ்சிவப்பு, நவம்பரில் மஞ்சள்.

சாலையின் மேற்கே உள்ள வளாகத்தில் கனேமட்சு அரங்கம் நிற்கிறது. கோபேயில் தொடங்கி ஆஸ்திரேலியாவோடு வர்த்தகம் செய்த கனேமட்சு கம்பெனி, தன் நிறுவனரின் நினைவாக 1927-ல் கட்டிக்கொடுத்தது. வடிவமைத்தவர் இட்டோ சூட்டா. சீனா, பர்மா, இந்தியா, துருக்கி என்று மூன்று வருடங்கள் அலைந்து கட்டடக் கலை பயின்றவர். டோக்கியோவின் சுகிஜி ஹோங்கன்ஜி ஆலயத்துக்கு இந்திய பௌத்தக் குகைகளின் முகத்தைக் கொடுத்தவரும் இவரே. கனேமட்சு அரங்கத்தை ஐரோப்பிய மடாலயம் போலக் கட்டிவிட்டு, தூணிலும் வளைவிலும் விதவிதமான பூதங்களையும் விலங்குகளையும் உட்கார வைத்தார். நம் ஊர் கோபுரத்து யாளிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அந்நியமாகத் தெரியாது. நூலகத்தில், ஆஸ்திரியப் பொருளியல் அறிஞர் கார்ல் மெங்கரின் சொந்தப் புத்தகச் சேகரிப்பு இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பின் அதை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தார்கள். கூழுக்கு இல்லாமல் தவித்த வியன்னாவிலிருந்து அறிவுச் செல்வம் கிழக்கே இடம்பெயர்ந்த காலம் அது.

பள்ளியின் சின்னம், வணிகத்தின் ரோமானியக் கடவுளான மெர்க்குரியின் பாம்பு சுற்றிய கோல். அதன் குறிக்கோளோ 'கேப்டன்ஸ் ஆஃப் இண்டஸ்ட்ரி'. தாமஸ் கார்லைல் 1843-ல் எழுதிய நூலிலிருந்து எடுத்தது. தொழிலை நடத்துகிறவன் லாபத்தை மட்டும் எண்ணாமல், தன்னை நம்பி நிற்கும் ஆட்களுக்குத் தலைவனாக இருக்க வேண்டும் என்பது பொருள். இங்கே படித்தவர்களில் 1978 முதல் 1980 வரை பிரதமராக இருந்த ஓஹிரா மசயோஷி உண்டு. மாணவராக இருக்கும்போதே அக்குட்டகாவா இலக்கியப் பரிசு வாங்கி, பிற்பாடு டோக்கியோ ஆளுநரான இஷிஹாரா ஷிண்டாரோ உண்டு. ரக்குட்டன் இணைய வணிக நிறுவனத்தைத் தொடங்கிய மிகிட்டானி ஹிரோஷியும் உண்டு.

இந்த ஊரில் வணிகமும் மனசாட்சியும் மோதிக்கொள்வது இன்றும் நடக்கிறது. கொரியப் போர்க் காலத்தில், பக்கத்து அமெரிக்க விமான தளத்துச் சிப்பாய்களை நம்பி விபசார விடுதிகள் முளைத்தன. பொதுமக்கள் போராடி, 1952-ல் ஊரைக் 'கல்விப் பகுதி' என்று அறிவிக்க வைத்தார்கள். 2024 ஜூனில் நடந்தது அதைவிட ஆச்சரியம். ஃபுஜி மலை தெரியும் தெருவில் சேகிசுயி ஹவுஸ் நிறுவனம் பத்து மாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தது. சாவி கொடுக்கச் சில வாரங்களே பாக்கி. சட்டப்படி தவறில்லை. ஆனால் மலையின் காட்சியை மறைக்கிறது என்று சொல்லிக் கட்டடத்தையே இடிக்க அந்த நிறுவனம் முடிவு செய்தது. முன்யோசனை இல்லாத விரயம் என்றார்கள் சிலர். இப்போதாவது விழித்தார்களே என்றார்கள் சிலர். எப்படியிருந்தாலும், ஒரு வணிகப் பல்கலைக்கழகத்தின் நிழலில் வைத்துப் பேச வேண்டிய பாடம்தான்.

கைப்பக்குவத்தின் பேராசிரியர்

நூறு வருட வணிகக் கல்வி இருந்தும், எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்தை ஜப்பான் கம்பெனிகள் பெரிதாக மதித்ததில்லை. கல்லூரியிலிருந்து பச்சை மண்ணாக ஆளை எடுத்து, இலாகா இலாகாவாக மாற்றி, இருபது வருடத்தில் தங்களுக்கேற்ற பானையாக வனைந்துகொள்வது அவர்கள் வழக்கம். இந்தியாவில் 1961-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் கையைப் பிடித்துக்கொண்டும், கல்கத்தா ஐ.ஐ.எம். எம்.ஐ.டி.யின் கையைப் பிடித்துக்கொண்டும் எழுந்தன. ஜப்பானிலோ கெயோ பிசினஸ் ஸ்கூல் முழு அளவு எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியதே 1978-ல்தான். ஜப்பானிய நிர்வாகம் இந்தியாவுக்கு வந்ததும் பாடப்புத்தகம் வழியாக அல்ல. மாருதி தொழிற்சாலை வழியாகவும், 1998-ல் டெமிங் பரிசு வாங்கிய சுந்தரம் கிளேட்டன் போன்றவர்களின் பட்டறை வழியாகவும்தான்.

பட்டறையில் இருக்கும் அந்த அறிவு என்ன, அதைச் சொல்லில் பிடிக்க முடியுமா என்று கேட்டவர் ஹிட்டோட்சுபாஷியின் நோனாகா இகுஜிரோ. 1935-ல் பிறந்தவர். ஃபுஜி எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்து, பிறகு கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியவர். சக பேராசிரியர் டகேயுச்சி ஹிரோடாகாவோடு 1995-ல் அவர் வெளியிட்ட அறிவு உருவாக்கும் நிறுவனம் பற்றிய நூல் உலகெங்கும் நிர்வாகப் பள்ளிகளில் புகுந்தது.

அதில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் உதாரணம் ஒரு ரொட்டி இயந்திரம். ஒசாகாவின் மட்சுஷிட்டா கம்பெனி 1980-களில் வீட்டிலேயே ரொட்டி சுடும் கருவி செய்ய முயன்றது. மேலே கருகியது, உள்ளே வேகவில்லை. பொறியாளர்கள் மாவை எக்ஸ்ரே எடுத்துக்கூடப் பார்த்தார்கள். கடைசியில் மென்பொருள் பிரிவைச் சேர்ந்த டனாகா இகுகோ என்ற பெண், நகரின் நல்ல ரொட்டிக்குப் பேர்போன ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். அவர் மாவைப் பிசையும்போது ஒரு விதமாக முறுக்கி இழுப்பதைக் கவனித்தார். அந்த முறுக்கை இயந்திரத்துக்குள் கொண்டுவர ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. 1987-ல் விற்பனைக்கு வந்த கருவி சக்கைப்போடு போட்டது.

ரொட்டிக்காரருக்குத் தெரிந்ததை அவராலேயே சொல்ல முடியாது. நாம் அதைக் கைப்பக்குவம் என்போம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வோம். நோனாகா நிறுத்தவில்லை. கைப்பக்குவத்தைக் கூடவே இருந்து வாங்கிக்கொள்வது, அதைச் சொல்லாக்குவது, பல சொற்களைச் சேர்த்து முறையாக்குவது, அந்த முறையைப் பழகி மறுபடி கைப்பக்குவமாக்கிக்கொள்வது என்று நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். கம்பெனி என்பது தகவலைச் செரிக்கும் இயந்திரமல்ல, அறிவைப் பிறப்பிக்கும் உயிர் என்றார். 2025 ஜனவரியில் அவர் காலமானார்.

அவர் பெயர் தெரியாமலே அவரிடம் பாடம் கேட்பவர்கள் இந்தியாவில் ஏராளம். சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மென்பொருள்காரர்கள் காலையில் நின்றபடியே கூட்டம் போட்டு 'ஸ்க்ரம்' என்கிறார்களே, அந்த ரக்பி விளையாட்டுச் சொல்லை நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தது டகேயுச்சியும் நோனாகாவும் 1986-ல் ஹார்வர்டின் நிர்வாக இதழில் எழுதிய கட்டுரை. அதில் இருந்தவை ஹோண்டா, கேனன் போன்ற கம்பெனிகளின் கதைகள். அமெரிக்க மென்பொருள் நிபுணர்கள் அதை எடுத்து முறையாக்கினார்கள். அங்கிருந்து அது நம் ஊருக்கு இறக்குமதியானது.

மறுபடியும் ஆங்கிலம்

1989 டிசம்பர் 29. டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 38,915 புள்ளியில் முடிந்தது. உலகத்துக்கே நிர்வாகப் பாடம் எடுக்கிறோம் என்று ஜப்பான் நெஞ்சை நிமிர்த்திய நாள். அந்த உயரத்தை மறுபடி தொட 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1997 நவம்பரில் யமாய்ச்சி பங்குத் தரகு நிறுவனமும் ஹொக்கைடோ டகுஷோகு வங்கியும் அடுத்தடுத்துச் சாய்ந்தன. வாழ்நாள் வேலை, கம்பெனியே பள்ளிக்கூடம் என்ற நம்பிக்கைகளும் ஆட்டம் கண்டன.

இந்தச் சூழலில்தான் 2000-ல் ஹிட்டோட்சுபாஷி, முழுக்க ஆங்கிலத்தில் எம்.பி.ஏ. படிப்பைத் தொடங்கியது. இடம் குனிட்டாச்சி அல்ல, பழைய பாலத்தருகே உயர்ந்து நிற்கும் தேசிய அறிவியல் மையக் கட்டடம். டகேயுச்சி முதல் தலைவர். பூகம்பம் விரட்டிய இடத்துக்கு வணிகப் பாடம் முக்கால் நூற்றாண்டு கழித்துத் திரும்பியது. அதன் குறிக்கோள் 'இரண்டு உலகங்களின் சிறந்தவை': கிழக்குக்கும் மேற்குக்கும் பாலம், ஏட்டுக்கும் தொழிலுக்கும் பாலம். சிறிய வகுப்புகள். ஆசியாவின் பல மூலைகளிலிருந்து வரும் மாணவர்கள். 2018-ல் குனிட்டாச்சியின் வணிகத் துறையும் இதுவும் 'ஹிட்டோட்சுபாஷி பிசினஸ் ஸ்கூல்' என்ற ஒரே குடையின் கீழ் வந்தன.

வெறுமனே டிகிரி கொடுப்பதோடு நிற்கவில்லை. ஹார்வர்டின் மைக்கேல் போர்ட்டரும் டகேயுச்சியும் இன்னொரு பேராசிரியரும் சேர்ந்து 2000-ல் வெளியிட்ட ஆய்வு நூல், ஜப்பான் கம்பெனிகளுக்குக் கசப்பு மருந்து. ஒரே பொருளை எல்லோரும் ஒரே மாதிரி நன்றாகச் செய்வது திறமை. ஆனால் அது உத்தி ஆகாது என்றது. அடுத்த வருடமே இந்தப் பள்ளி 'போர்ட்டர் பரிசு' ஒன்றை நிறுவியது. தனக்கென்று தனி வழி பிடித்து லாபமும் ஈட்டும் ஜப்பான் நிறுவனங்களுக்கு வருடா வருடம் அந்தப் பரிசு. மாணவருக்கு மட்டுமின்றி முதலாளிகளுக்கும் மார்க் போடும் துணிச்சல்.

மருந்து வேலை செய்ததா? முழுதாக அல்ல. 1990-களின் நஷ்டத்தை இருபது வருடம் மறைத்த ஒலிம்பஸ் கம்பெனியின் குட்டு 2011-ல் உடைந்தது. வருடக்கணக்கில் லாபத்தை ஊதிக் காட்டிய தோஷிபா 2015-ல் பிடிபட்டது. மணிச்சட்டம் இருந்தது, நீதி நூலைக் காணோம். பள்ளிகள் அறத்தைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம். மேலதிகாரி சொன்ன பொய்க்கணக்கை எழுத மறுக்கும் நெஞ்சுரத்தைத் தேர்வு வைத்து வாங்க முடியாது.

ஆங்கிலக் கேள்வியும் தீர்ந்தபாடில்லை. பழைய மாணவர் மிகிட்டானி 2010-ல் தன் கம்பெனியின் அலுவல் மொழி ஆங்கிலம் என்று அறிவித்தபோது ஜப்பானே புருவம் உயர்த்தியது. மோரியின் ஆவி சிரித்திருக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. 1875-ல் ஆங்கிலம் வந்தது கற்றுக்கொள்வதற்கு. தன் மொழியில் கணக்கியலுக்குச் சொல்லே பழகாத காலம். 2000-ல் ஆங்கிலம் வந்தது சொல்வதற்கு. இடைப்பட்ட காலத்தில் ஃபுகுசாவாவின் வழியில், வணிகவியலையும் பொருளியலையும் முழுக்க ஜப்பானிய மொழியிலேயே வளர்த்திருந்தார்கள். குனிட்டாச்சியில் இளநிலைப் பாடங்களில் பெரும்பாலானவை இன்றும் ஜப்பானிய மொழியில்தான். சொந்த மொழியில் யோசித்து முடித்தவர்களுக்கு ஆங்கிலம் பாலமாகிறது. யோசிக்கவே அதை நம்பி நிற்பவர்களுக்கு அது வெறும் சுங்கச்சாவடி. அக்கவுன்டன்சியைத் தமிழில் படித்துவிட்டு நேர்முகத் தேர்வில் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த வித்தியாசம் புரியும். ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு அப்பாவின் கடைக் கணக்கு புரியாமல் விழிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

நோட்டில் ஏறிய முகம்

பாலத்தருகே ஜோசுயி காய்கான் என்ற கட்டடம் இருக்கிறது. பழைய மாணவர் சங்கமான ஜோசுயிகாயின் இல்லம். 1914-ல் சங்கத்துக்குப் பெயர் சூட்டியவர் ஷிபுசாவா. 'நீரைப் போல' என்று பொருள். தேனாக ஒட்டாமல், நீராகத் தெளிந்து நிலைக்கும் நட்பே உயர்ந்தது என்ற சீனப் பழங்கருத்திலிருந்து எடுத்தது. அங்கிருந்து வடக்கே நடந்தால் ஜிம்போச்சோ. கல்கத்தாவின் காலேஜ் தெருவையும் சென்னையின் பழைய மூர் மார்க்கெட்டையும் நினைவூட்டும் பழைய புத்தகக் கடைகளின் தெரு.

அங்கே புத்தகம் வாங்க 10,000 யென் நோட்டை நீட்டும்போது ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். 1984 முதல் நாற்பது வருடம் அந்த நோட்டில் இருந்தது ஃபுகுசாவா யுகிச்சியின் முகம். 2024 ஜூலை 3-ம் தேதி வந்த புதிய நோட்டில் இருப்பது ஷிபுசாவா எய்ச்சி. பள்ளிக்கு நோக்க அறிக்கை எழுதியவர் இறங்கிக்கொள்ள, பள்ளியை மூடவிடாமல் காத்தவர் ஏறியிருக்கிறார். இரண்டு முகமும் சிலகாலம் ஒரே கல்லாப்பெட்டியில் புழங்கும். பள்ளியைத் தொடங்கிய மோரிக்கு நோட்டு இல்லை. கின்ஸாவின் நடைபாதைக் கல்தான்.

பணம் சேர்ப்பதைவிட, சேர்த்த விதம் முக்கியம் என்று சொன்னவரின் முகத்தை நாட்டின் மிகப் பெரிய நோட்டில் அச்சடித்துவிட்டது ஜப்பான். நோட்டை எண்ணுகிறவர்கள் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பாலத்தடிப் பள்ளி ஒன்றரை நூற்றாண்டாகச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கும் பாடம். அதில் மாணவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.